விண்ணப்பிக்காத பேராசிரியர்

வானொலியில் ஒரு விருந்தினரை அறிமுகப்படுத்த எங்களுக்குக் கிடைப்பது பதினைந்து விநாடி. பெயர், பதவி, எதற்காக வந்திருக்கிறார் என்ற மூன்றும் அதற்குள் அடங்கிவிட வேண்டும். இந்த மூன்றில் பதவிக்குத்தான் வலு அதிகம். 'டத்தோ' என்றாலோ, 'பேராசிரியர் முனைவர்' என்றாலோ, காரில் போய்க்கொண்டிருக்கும் நேயர் ஒலியைச் சற்றுக் கூட்டி வைப்பார். முன்னால் எந்தப் பட்டமும் இல்லாதவர் வந்தால், அறிவிப்பாளர் தம் குரலில்தான் அந்தக் குறையை ஈடுகட்ட வேண்டும். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒலிவாங்கி முன் உட்கார்ந்ததில் கற்றுக்கொண்ட பாடம் இது.

2018 அக்டோபர் 2ஆம் தேதி மாலை நிகழ்ச்சி என்னுடையது. ஆறு மணிச் செய்திக்குச் சற்று முன்னால், அந்த ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. மூன்று பேர். மூவருமே லேசர் ஆய்வாளர்கள். பரிசில் பாதி அமெரிக்காவின் ஆர்தர் ஆஷ்கினுக்கு. அவருக்கு வயது 96. மறுபாதியைப் பகிர்ந்துகொண்டவர்கள் பிரான்சின் ஜெரார் மூருவும் கனடாவின் டோனா ஸ்டிரிக்லண்டும். மேரி கியூரி, மரியா கோப்பர்ட் மேயர் ஆகியோருக்குப் பிறகு இயற்பியலில் நோபல் பெறும் மூன்றாவது பெண் ஸ்டிரிக்லண்ட் என்றது செய்தி. நான் வழக்கம்போல மூன்று வரி எழுதினேன்: 'கனடா, வாட்டர்லூ பல்கலைக்கழக இணைப்பேராசிரியர்...'

எழுதியதை எட்டிப் பார்த்த எங்கள் தயாரிப்பாளர் அண்ணன், "சரியா பாரும்மா. நோபல் வாங்குனவங்க இன்னும் இணைப்பேராசிரியராவா இருப்பாங்க?" என்றார். மறுபடியும் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

அந்த ஒரு சொல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஊடகத்துறை படித்த எனக்கு லேசர் என்றால் மேடைக் கச்சேரிகளில் சுழலும் பச்சை விளக்குதான். ஆனால் என் தங்கை அப்போது முதுகலையில் லேசரைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தாள். அவளிடம் கேட்டுக் கேட்டு, படித்துப் படித்து, இந்த அம்மையாரின் வாழ்க்கையை ஓரளவு தெரிந்துகொண்டேன். அறிவியலைவிட, ஒரு பெண் ஒரு துறையில் நிலைத்து நிற்பதற்கு எப்படியெல்லாம் வளைந்து போகவேண்டியிருக்கிறது என்பதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

டோனா ஸ்டிரிக்லண்ட் 1959இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், குவெல்ப் என்ற ஊரில் பிறந்தார். அப்பா மின்பொறியாளர், அம்மா ஆங்கில ஆசிரியை. சிறு வயதில் குடும்பமாக அறிவியல் கூடத்துக்குப் போனபோது அங்கிருந்த லேசரைக் காட்டி, இதுதான் எதிர்காலம் என்று அப்பா சொன்னதை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பாடத்திட்டத்தில் லேசர் இருந்ததுதான். கேட்பதற்கே குஷியாக இருந்ததாம். வகுப்பில் 25 பேர். அதில் பெண்கள் மூவர். 1981இல் பட்டம் பெற்று, முனைவர் பட்ட ஆய்வுக்காக அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் போனார். அங்கே அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர்தான் ஜெரார் மூரு.

அங்கே அவர் செய்ததை என் தங்கை எனக்கு விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன்.

லேசர் ஒளியைத் தொடர்ச்சியாக விடாமல், கண்ணிமைக்கும் நேரத்தைவிடப் பல கோடி மடங்கு குறுகிய துடிப்பாக விட முடியும். அந்தத் துடிப்பின் சக்தியைப் பெருக்கினால் பல காரியங்களுக்கு உதவும். சிக்கல் என்னவென்றால், அவ்வளவு சக்தியும் அவ்வளவு குறுகிய நேரத்துக்குள் நெருக்கியடித்து வரும்போது, அதைப் பெருக்கும் கண்ணாடியையே அது பாழாக்கிவிடும். இதனால் லேசரின் உச்ச வலிமை பல ஆண்டுகள் அதற்குமேல் பெரிதாக ஏறாமல் நின்றது.

"அக்கா, தைப்பூசத்துல பத்துமலைய நெனச்சுக்க," என்றாள் தங்கை. கீழே ஆயிரம் பேர் ஒரே கூட்டமாக நிற்கிறார்கள். அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் கொடுக்க வேண்டும். கூட்டமாக உள்ளே விட்டால் பந்தலே சரிந்துவிடும். என்ன செய்வோம்? நீண்ட வரிசையாக நிற்க வைப்போம். வரிசை நகர நகர, ஒவ்வொருவர் கையிலும் பொட்டலம் கொடுப்போம். அந்தப் பக்கம் போனதும் எல்லாரும் மறுபடி ஒன்றாகக் கூடிக்கொள்ளலாம். கூட்டம் அதேதான். ஆனால் இப்போது எல்லார் கையும் நிறைந்திருக்கிறது. பந்தலும் பிழைத்தது.

ஸ்டிரிக்லண்டும் மூருவும் ஒளியிடம் செய்தது இதைத்தான். துடிப்பை 1.4 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக்குள் செலுத்தினார்கள். ஒரு துடிப்புக்குள் பல நிறங்கள் கலந்திருக்கும். அந்த இழைக்குள் சிவப்புப் பக்கம் கொஞ்சம் வேகமாகவும் நீலப் பக்கம் கொஞ்சம் மெதுவாகவும் போவதால், துடிப்பு வரிசையாக நீண்டுவிடும். நீண்டதால் அதன் உக்கிரம் தணியும். அப்போது ஆபத்தில்லாமல் பெருக்கலாம். பெருக்கிய பிறகு, நுண்ணிய கோடுகள் கீறிய இரண்டு தகடுகளில் பட்டு வரச் செய்தார்கள். அங்கே சிவப்புக்கு நீண்ட பாதை, நீலத்துக்குக் குறுகிய பாதை. பின்தங்கியது முன்னே போனதைப் பிடித்துக்கொள்ள, துடிப்பு மறுபடி சுருங்கிவிடும். முடிவில் கிடைத்தது 2 பிக்கோவிநாடி நீளமுள்ள வலிமையான துடிப்பு. ஒரு விநாடியை லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் இரண்டு பங்கு.

ஒலியோடு பிழைப்பு நடத்தும் எனக்கு இதில் பிடித்த செய்தி ஒன்று உண்டு. நீட்டப்பட்ட அந்தத் துடிப்புக்கு இயற்பியலாளர்கள் வைத்திருக்கும் பெயர், குருவியின் கீச்சொலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலே ஏறும் கீச்சொலியைப் போல, இந்த ஒளியும் தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கி உயர்ந்த அதிர்வெண்ணில் முடிகிறது.

1985இல் இந்த ஆய்வைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். மூன்றே பக்கம். ஆசிரியர் பெயர்கள் இரண்டு. முதலில் இருந்தது ஸ்டிரிக்லண்டின் பெயர். அப்போது அவர் மாணவி. அவர் வெளியிட்ட முதல் அறிவியல் கட்டுரையும் அதுதான். நோபல் பரிசு அந்தக் கட்டுரைக்குத்தான், 33 ஆண்டுகள் கழித்து.

இன்று அந்த வித்தை எங்கெங்கோ இருக்கிறது. கண்ணாடி அணிவதை விடுவதற்காக லேசர் சிகிச்சை செய்துகொள்கிறார்களே, அதில் கருவிழியின் மேற்புறத்தை மிக மெல்லியதாக வெட்டும் லேசர் இந்த வழியில் பிறந்ததுதான். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நானும் அந்தச் சிகிச்சை செய்துகொண்டேன். தலைக்கு மேலே அந்த இயந்திரம் இறங்கி வந்தபோது, 1.4 கிலோமீட்டர், 1.4 கிலோமீட்டர் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பயத்துக்கு ஏதாவது ஒரு மந்திரம் வேண்டுமே.

இனி அவருடைய வேலை வாழ்க்கைக்கு வருகிறேன். நம் வீடுகளில் கல்வி என்பது படிக்கட்டு. எஸ்.பி.எம்., அதன் பிறகு மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம்., பிறகு பட்டம், வேலை, பதவி உயர்வு. ஒரு படியிலிருந்து அடுத்த படி. ஸ்டிரிக்லண்டின் வாழ்க்கைக் குறிப்பை நான் முதலில் படித்தபோது அதில் படிக்கட்டே தெரியவில்லை.

முனைவர் பட்டம் 1989இல் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே கனடா திரும்பி, தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் பால் கார்கம் என்ற புகழ்பெற்ற இயற்பியலாளரின் குழுவில் மூன்று ஆண்டுகள் வேலை. 1991இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம். 1992இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஒரு தொழில்நுட்ப மையம். அங்கே அவர் பேராசிரியர் இல்லை, விரிவுரையாளரும் இல்லை. தொழில்நுட்பப் பணியாளர். உலகின் ஆய்வுக்கூடங்கள் பலவும் அவருடைய உத்தியைப் பின்பற்றத் தொடங்கியிருந்த காலத்தில் அவருடைய பதவி அது.

காரணம் குடும்பம். அவருடைய கணவரும் முனைவர். கணவருக்கு வேலை நியூ ஜெர்சியில் பெல் ஆய்வகத்தில். மனைவி கலிஃபோர்னியாவில். நடுவே ஒரு கண்டம். இப்படி இருவரும் ஆய்வாளர்களாக இருந்து ஒரே ஊரில் வேலை கிடைக்காமல் தவிக்கும் நிலையை, இயற்பியலாளர்கள் தங்களுக்குள் 'இரு பொருள் சிக்கல்' என்று கேலியாகச் சொல்வார்கள். நிலவும் பூமியும் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் கணக்கிடும் பாடத்தின் பெயர் அது. ஸ்டிரிக்லண்ட் அந்தக் கணக்கைத் தீர்த்த விதம், பேராசிரியர் பாதையிலிருந்து ஒதுங்கிக் கணவர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு லேசரைத் தேடிக்கொண்டது. 1997இல்தான் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர் ஆனார். அப்போது வயது 38. இரண்டு பிள்ளைகளின் தாய்.

போன தீபாவளிக்குத் தைப்பிங்கில் எங்கள் அம்மா வீட்டுச் சமையலறையில் இந்த வாழ்க்கை வரலாறு ஒரு வாக்குவாதமாக மாறியது.

என் தங்கை முனைவர் பட்டம் முடித்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வாளர். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் ஒப்பந்தம் நீட்டிக்கப்படுமா என்று காத்திருப்பாள். அவள் கணவருக்குப் பினாங்கு பாயான் லெப்பாஸில் வேலை. அவள் இருப்பது கிள்ளான் பள்ளத்தாக்கில். மூன்று வயது மகன் தைப்பிங்கில் பாட்டியிடம். வெள்ளிக்கிழமை இரவானால் தெற்கிலிருந்து அவளும் வடக்கிலிருந்து அவரும் கிளம்பித் தைப்பிங்கில் சந்திப்பார்கள். அந்தத் தீபாவளிக்கு அவள் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. ஒன்று, ஜெர்மனியில் இரண்டாண்டு ஆய்வுப் பணி. மற்றொன்று, பினாங்கிலேயே ஒரு தொழிற்சாலையில் லேசர் பொறியாளர் வேலை. இரண்டுக்கும் பதில் சொல்ல இரண்டு வாரம்தான் இருந்தது.

நான் ஜெர்மனி பக்கம். "ஸ்டிரிக்லண்ட் ஊர் ஊரா போகலயா? ஒட்டாவா, கலிஃபோர்னியானு தனியா போய்த்தானே மேல வந்தாங்க?" என்றேன்.

அவள் முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: "அக்கா, அவங்க பிரின்ஸ்டன்ல டெக்னிக்கல் ஸ்டாஃபா அஞ்சு வருஷம் இருந்தாங்களே, அத மட்டும் ஏன் விட்டுட்டுப் பேசுற? ரேடியோவுக்கு அது நல்லா இருக்காதுனா?"

பெரியம்மாவுக்கு இதெல்லாம் வேறு கணக்கு. "இன்னும் படிச்சிட்டேதான் இருக்கியா?" என்பது அவருடைய ஆண்டுக் கேள்வி. முனைவர் பட்டம் வாங்கியாயிற்று என்று சொன்னால், "அப்ப எந்த ஆஸ்பத்திரி?" என்பார். வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள். தங்கையும் சிரிப்பாள். ஆனால் முப்பது வயதைத் தாண்டி, ஒப்பந்தச் சம்பளத்தில், வாரம் ஒருமுறை மகனைப் பார்க்கும் ஒருத்திக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு கனமாக இருக்கும் என்று பக்கத்தில் நின்ற எனக்குத் தெரியும்.

அதுவரை ஒன்றும் பேசாமல் அடுப்படியில் நின்ற அம்மா, எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அந்தப் பொம்பளைக்கும் புள்ளைங்க இருந்துச்சுங்கதானே?" என்று கேட்டார்.

"ரெண்டும்மா," என்றாள் தங்கை.

அம்மாவுக்கு வயது 66. முழங்கால் வலி. பேரனை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு மாடிப்படி ஏறுவதை மருத்துவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது இதுதான்: "போறதா இருந்தா போ. புள்ளைய நான் பாத்துக்கிறேன். போகலனாலும் சரிதான். ஆனா நாளைக்கு யாராவது கேட்டா, அம்மாவாலதான் போகலனு என்னைக் காரணம் சொல்லக்கூடாது. உன் கணக்க நீ போடு."

எத்தனையோ கல்வி ஆலோசகர்களை நேர்காணல் செய்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான ஆலோசனை என் நிகழ்ச்சியில் ஒலித்ததாக நினைவில்லை.

ஒரு பெண் தன் கணக்கைத் தானே போட முடியாத காலமும் இருந்தது. ஸ்டிரிக்லண்டுக்கு முன் இயற்பியல் நோபல் பெற்ற மரியா கோப்பர்ட் மேயர், 1930இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஓர் அணு ஒரே நேரத்தில் இரண்டு ஒளித்துகள்களை விழுங்க முடியும் என்பதுதான் அவருடைய ஆய்வேட்டின் பொருள். லேசர் பிறந்தது 1960இல். அதற்கு அடுத்த ஆண்டுதான் அவர் சொன்னதைச் சோதனையில் காட்ட முடிந்தது. வேதியியல் பேராசிரியரான கணவரோடு அமெரிக்கா போன அவருக்கு, கணவன் மனைவி இருவரும் ஒரே இடத்தில் வேலை செய்யக்கூடாது என்ற விதிகள் குறுக்கே நின்றன. பல ஆண்டுகள், பல பல்கலைக்கழகங்களில், சம்பளம் இல்லாமலும் அரைகுறைச் சம்பளத்திலும் ஆய்வு செய்தார். சிகாகோவில் அவர் இருந்த பதவியின் பெயரே 'தன்னார்வப் பேராசிரியர்'. முழுச் சம்பளத்தோடு பேராசிரியர் பதவி கிடைத்தது 1960இல். 1963இல் நோபல் கிடைத்தபோது, சான் டியாகோவின் உள்ளூர்ச் செய்தித்தாள் அவரைத் தலைப்பில் ஓர் 'அம்மா' என்றே குறிப்பிட்டது, இயற்பியலாளர் என்று அல்ல.

கோப்பர்ட் மேயரின் அந்தப் பழைய ஆய்வை ஸ்டிரிக்லண்ட் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் மேற்கோள் காட்டியிருக்கிறார். ஒரே துறை, ஒரே இழை. ஆனால் மேரி கியூரிக்கும் கோப்பர்ட் மேயருக்கும் நடுவே 60 ஆண்டு; கோப்பர்ட் மேயருக்கும் ஸ்டிரிக்லண்டுக்கும் நடுவே 55 ஆண்டு. தாம் மூன்றாவது பெண் என்று தெரிந்தபோது, இவ்வளவுதானா, இன்னும் சிலர் இருப்பார்கள் என்று நினைத்தேனே என்றுதான் ஸ்டிரிக்லண்ட் சொன்னார். அதன் பிறகு இடைவெளி சுருங்கியது. 2020இல் ஆண்ட்ரியா கெஸ், 2023இல் ஆன் லூயிலியே. பின்னவரும் லேசர்க்காரர்தான். ஸ்டிரிக்லண்டின் துடிப்பைவிடப் பல்லாயிரம் மடங்கு குறுகிய துடிப்புகளுக்காகப் பரிசு பெற்றவர்.

ஊடகக்காரியாக என்னை அதிகம் உறுத்திய செய்தி வேறு. நோபல் அறிவிப்புக்குச் சில மாதங்கள் முன்பு, விக்கிப்பீடியாவில் ஸ்டிரிக்லண்டைப் பற்றி ஒருவர் பக்கம் எழுத முயன்றார். அது ஏற்கப்படவில்லை. அவரைப் பற்றிப் போதுமான அளவு வெளியில் எழுதப்படவில்லை என்பது காரணம். உலகின் முக்கியமான ஒளியியல் சங்கத்துக்கு 2013இல் தலைவராக இருந்தவர் அவர். அதே கட்டுரையில் உடன் எழுதிய மூருவுக்கு ஏற்கனவே பக்கம் இருந்தது.

இதற்காக விக்கிப்பீடியாவைத் திட்டியவர்கள் பலர். ஆனால் அந்தக் கலைக்களஞ்சியம் தானாக எதையும் எழுதுவதில்லை. செய்தித்தாள்களும் வானொலியும் நூல்களும் பதிவு செய்ததைத்தான் அது திரட்டுகிறது. நாங்கள் ஒலிவாங்கியை நீட்டாதவர்களை அது பார்க்க முடியாது. நம் நாட்டில் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவி அனைத்துலகக் கண்டுபிடிப்புப் போட்டியில் பதக்கம் வென்றால் படத்தோடு செய்தி போடுகிறோம், நேர்காணல் செய்கிறோம். அதே மாணவி இருபது ஆண்டு கழித்து ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று எத்தனை பேர் கேட்கிறோம்? பதக்கத்துக்கும் நோபலுக்கும் இடையில் உள்ள முப்பது ஆண்டுகள்தான் உண்மையான வேலை. அது செய்தியாவதில்லை. ஸ்டிரிக்லண்ட் பற்றிய நிகழ்ச்சிக்குப் பிறகு, மாதம் ஒருமுறை ஓர் உள்நாட்டு ஆய்வாளரோடு பதினைந்து நிமிடம் பேச எங்கள் நிலையத்தில் அனுமதி கேட்டுப் பெற்றேன். பதவி எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்பதே நான் வைத்துக்கொண்ட விதி. மண்ணை ஆராய்பவர், கொசுவை எண்ணுபவர், பழைய கட்டடங்களின் சுண்ணாம்பைச் சோதிப்பவர் என்று வந்தார்கள். நேயர்களின் அழைப்புகள் குறையவில்லை.

இப்போது அந்த 'இணைப்பேராசிரியர்' விஷயத்துக்கு வருகிறேன். பரிசு கிடைத்த நாளில் எல்லாரும் கேட்டார்கள், ஏன் இவர் இன்னும் முழுப் பேராசிரியர் ஆகவில்லை? பல்கலைக்கழகம் வஞ்சித்துவிட்டதா? ஸ்டிரிக்லண்ட் சொன்ன பதில் மிக எளிமையானது. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. அந்தப் பதவியால் தமக்குப் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை. பிடித்த வேலையைச் செய்துகொண்டிருந்தேன் என்ற பொருளில் பேசினார். பரிசுக்குப் பிறகு முழுப் பேராசிரியர் ஆனார்.

இந்தப் பதிலை நிகழ்ச்சியில் சொன்னபோது நேயர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். சிரம்பானிலிருந்து அழைத்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், "பாருங்கம்மா, பதவிக்கு அலையாதவங்களத் தேடிப் பரிசு வருது," என்று நெகிழ்ந்தார். ஷா ஆலத்திலிருந்து பேசிய ஓர் இளம்பெண், "ஐயா சொல்றது கேக்க நல்லா இருக்கு. ஆனா எங்க ஆபீஸ்ல கேக்காதவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. கேக்காம இருந்தா அடக்கமான பொண்ணுனு பேரு மட்டும்தான் கிடைக்கும்," என்றார்.

நான் இருவரையும் ஏற்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்ணப்பிக்காமல் இருந்தபோது ஸ்டிரிக்லண்டிடம் நிரந்தர வேலை இருந்தது. சொந்த ஆய்வுக்கூடம் இருந்தது. மாணவர்கள் இருந்தார்கள். அந்த நிலையில் ஒரு பட்டத்தை வேண்டாம் என்று விடுவது சுதந்திரம். ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் இருப்பவர் விண்ணப்பிக்காமல் இருந்தால் அது சுதந்திரம் ஆகாது. அவருடைய கதையை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, "அவரைப் போலப் பதவியை நினைக்காமல் உழை" என்று சொல்லிவிடக்கூடாது. 1997இல் வாட்டர்லூவுக்கு அவர் விண்ணப்பித்ததால்தான் அந்த ஆய்வுக்கூடமே அவருக்குக் கிடைத்தது.

தங்கை பினாங்கு வேலையைத் தேர்ந்தெடுத்தாள். ஜனவரியில் சேர்ந்தாள். நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தோ என்னவோ, முதல் வாரமே தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, இங்க சிப்பு வெட்டுற லேசர் பிக்கோவிநாடி லேசர். உன் ஸ்டிரிக்லண்ட் அம்மாவோட வித்தைதான். யூனிவர்சிட்டில இப்படி ஒண்ணு வாங்க நாங்க மூணு வருஷமா மனு போட்டோம். இங்க வரிசையா நிக்குது!" அவள் குரலில் அப்படியொரு மகிழ்ச்சியைக் கேட்டு நாளாகிவிட்டது. மகன் இப்போது அவர்களோடு இருக்கிறான். அம்மாவின் முழங்காலுக்கும் ஓய்வு.

ஜூன் மாதம் ஒரு பல்கலைக்கழகத்தில் நிரந்தர விரிவுரையாளர் பணிக்கு விளம்பரம் வந்தது. தங்கை தன் தகவல் குறிப்பை எனக்கு அனுப்பி, மொழியைச் சரிபார்க்கச் சொன்னாள். தொழிற்சாலை வேலையைக் கடைசிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், ஒரே வரியில் போட்டிருந்தாள். அறிமுகம் எழுதுவது என் தொழில் அல்லவா? அதை முதல் பக்கத்துக்குக் கொண்டுவரச் சொன்னேன். அங்கே எந்த லேசரைக் கையாளுகிறாள், எந்தச் சிக்கலைத் தீர்த்தாள், எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தாள் என்று நான்கு வரியாக விரித்து எழுத வைத்தேன். "இது ஒரு இடைவெளி மாதிரி தெரியாதா அக்கா?" என்று கேட்டாள். "பிரின்ஸ்டன் அஞ்சு வருஷம் இடைவெளியா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு அனுப்பிவிட்டாள். பதில் இன்னும் வரவில்லை. வந்தால் மறுபடி ஒரு கணக்குப் போட வேண்டும். அதையும் அவளே போடுவாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருத்தி இருக்கலாம். முனைவர் பட்ட ஆய்வில் இருப்பவள், ஒப்பந்தத்தில் இருப்பவள், இடையில் நின்று மறுபடி தொடர நினைப்பவள். இந்தத் தீபாவளிக்கு அவள் வரும்போது, "எப்ப முடியும்?", "எவ்ளோ சம்பளம்?" என்ற இரண்டு கேள்விகளையும் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, "இப்ப என்ன செஞ்சிட்டிருக்க?" என்று கேட்டுப் பாருங்கள். புரியாவிட்டாலும் கேளுங்கள். அவள் பத்துமலையையோ பாசார் மாலாமையோ துணைக்கு அழைத்துக்கொண்டு எப்படியாவது புரியவைப்பாள்.

எங்கள் அம்மா ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். போன வாரம் நாங்கள் மூவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, நடுவில் திடீரென்று தங்கையிடம் கேட்டார்: "ஏன்டி, ஒண்ணரை கிலோமீட்டர் கயிறுனு சொன்னியே, அவ்ளோ நீளத்த அந்தப் பொம்பள எங்க போட்டு வெச்சிருந்தா?"

"சுருட்டித்தான்மா வெச்சிருப்பாங்க. முடி மாதிரி மெல்லிசா இருக்கும்," என்றாள் தங்கை.

"அதானே பாத்தேன்," என்றார் அம்மா. "வீட்டுக்குள்ள இடம் பத்தாதே."